வழுவமைதி

ஓலுவில் ஜனவரி. மைனஸ் இருபத்தாறு.
புருவத்தில் உறைபனியோடு
சைக்கிளில் வந்து இறங்கினான் ஓஸ்மோ.
இரவே வந்து காத்திருந்தது அந்தப் புகார்.

கெமி துறைமுகத்துப் பனியுடைப்புக் கப்பலில்
டீசல் கணக்கு எழுதும் ஐலா ருஸ்கா
நாற்பத்தோராம் வரியில்
தேதி மாட்யூலை இம்போர்ட் செய்திருக்கிறார்.
அங்கேதான் அவருக்குத் தேதி தேவைப்பட்டது.
எங்கள் கம்பைலர் சொன்னது:
"வரி 41. எதிர்பாராத சொல்: இம்போர்ட்."
அதற்குமேல் அது வாய் திறக்கவில்லை.

எழுத்துப்பிழை தேடியிருக்கிறார்.
நாற்பதாம் வரியின் அடைப்புக்குறியைச் சந்தேகித்து
(பாவம், அது நல்ல அடைப்புக்குறி)
அழித்திருக்கிறார். பதினேழு புதிய பிழைகள்.
மாட்யூலை மறுபடி நிறுவியிருக்கிறார்.
கப்பல் மூன்று மணி நேரம்
கடலை உடைத்துக்கொண்டு முன்னே போக
அவர் ஒரு வரி நகரவில்லை.

கடைசியில் ஒரு கேள்வி:
"எதிர்பாராதது என்கிறதே,
யார் எதிர்பார்க்கவில்லை?"

அந்த வாக்கியத்தை எழுதியவன் ஓஸ்மோதான்.
ஒன்பது வருடம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை,
சவுனாவுக்கு நேரமாகிவிட்டது என்று.

"மேலேதான் எழுத வேண்டும்னு
கையேட்டில் இருக்கே" என்றேன்.
"எந்தப் பக்கம்?"
தேடினேன். இருநூற்றுப் பன்னிரண்டு.
எனக்கே நான்கு நிமிடம் ஆனது.

சொல்லை மாற்றினால் போதும் என்று நினைத்தோம்.
போதவில்லை.
முதல் ஃபங்ஷன் வந்ததுமே
இம்போர்ட்களுக்கான கதவு சாத்திக்கொள்ளும்.
அதற்குப் பின் பார்சருக்கு அந்தச் சொல்
யாரோ ஒரு அந்நியன்.
தெரியாத ஆளைப் பற்றி
அது என்ன விளக்கம் சொல்லும்?
இடம் தவறி வந்தாய் என்று சொல்லவே
தவறிய இடத்தில் முதலில்
உள்ளே விட வேண்டும்.
பிழைக்கும் இலக்கணத்தில்
ஒரு விதி எழுத வேண்டும்.

எழுதினான்.
எங்கே வந்தாலும் வாங்கிக்கொள்,
முழுசாகப் படி, எந்த மாட்யூல் என்று கேள்,
பிறகு முடியாது என்று சொல்.

என் மொழியில் இதற்குப் பெயர் உண்டு என்றேன்.
வழு என்றால் பிழை.
கன்றுக்குட்டியைப் பார்த்து
"என் ராசா வந்துட்டான்" என்றால்
பிழைதான், போகட்டும் என்று
இலக்கணம் இடம் கொடுப்பது வழுவமைதி.
"நாம் போகட்டும் என்று விடவில்லையே,
மறுக்கிறோமே?"
சரிதான். பாதி வழுவமைதி.
ழகரத்தோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினான்.

வாசகத்துக்கு நான்கு நாள்.
"மன்னிக்கவும்" என்று தொடங்கியதை
கைசு வெட்டினாள்:
கம்பைலர் குழைந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.
"மேலே நகர்த்துங்கள்" என்றதையும் வெட்டினாள்:
எவ்வளவு மேலே? முதல் ஆறு வரி
உரிமக் குறிப்பு இருக்கிறதே?
அதே மாட்யூல் ஏற்கெனவே மேலே இருந்தால்?

கடைசியில் இப்படி நின்றது:
"வரி 41: 'தேதி' மாட்யூலை
இங்கே இம்போர்ட் செய்ய முடியாது.
இம்போர்ட்கள் முதல் ஃபங்ஷனுக்கு முன்னால் வர வேண்டும்.
இந்த வரியை 7-ஆம் வரிக்கு நகர்த்துங்கள்.
அடைப்புக்குறிகளில் பிழை இல்லை."

கடைசி வரியில் கைசு விரல் வைத்தாள்.
"இல்லை என்று நம்மால் சத்தியம் பண்ண முடியுமா?"
முடியாது.
ஓஸ்மோ அதை அழித்துவிட்டு
சற்று நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
வெளியே பார்க்க ஒன்றுமில்லை, பனிதான்.

மார்ச்சில் ஐலாவிடமிருந்து இரண்டு வரி.
நன்றி என்ற சொல் அதில் இல்லை.
"இன்று அறுபத்துமூன்றாம் வரியில் அதையே செய்தேன்.
கோபம் வந்தது. இந்தமுறை
யார் மேல் என்று தெரிந்து வந்தது."